வளைவில் சொன்னது

சிலமலையிலிருந்து விடிகாலையில் கிளம்பும் திருப்பதியின் ஜீப்புக்கு ஒரு சட்டம் உண்டு. வருஷம் பிறந்து முதல் தடவை மலை ஏறும்போது, வண்டியில் இருக்கிற ஒவ்வொருவரும் அந்த வருஷம் தான் செய்து முடிக்கப்போகிற காரியம் ஒன்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போடிமெட்டுக்குப் போகிற சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவுக்கு ஒரு ஆள். கடைசி வளைவு டிரைவருக்கு.

சும்மா சொன்னால் போதாது. வண்டி வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வேண்டும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பாதாளம், நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வருகிற பேச்சுத்தான் நிஜமான பேச்சு என்பது கருத்தம்மாளின் கட்சி. அவள்தான் அந்த ஜீப்பில் ஏலக்காய் பறிக்கப் போகிற பெண்களுக்கெல்லாம் தலைவி. நேர்ச் சாலையில் வைத்துச் சொன்னது வெறும் பேச்சு, காற்றோடு போய்விடும். வளைவில் சொன்னது அப்படியில்லை. வருஷம் முழுக்க அதே வண்டி, அதே ஆட்கள். தினமும் காலையில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்கள்.

அருணாவைக் கேட்டால் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வளைவில், வீட்டில் குளியலறை கட்டப்போகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டாள். செங்கல் வந்துச்சா, கொத்தனார் வந்தாரா, கதவு வைத்தாச்சா என்று ஜீப்பு அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது. இவர்கள் தொல்லை பொறுக்காமலே ஆடி மாதத்துக்குள் கட்டி முடித்துவிட்டாள். அதில் புத்தி வந்து, போன வருஷம் உஷாராக நேர் ரோட்டில் வைத்து, புகையிலையை விட்டுவிடுவதாகப் பெருமையாக அறிவித்தாள். மறுநாளே கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு வந்து, "நேர்லதான சொன்னேன், செல்லாது" என்றாள். கருத்தம்மாள் நெடுநேரம் யோசித்து, செல்லாதுதான் என்று தீர்ப்புச் சொல்லவேண்டியதாயிற்று. சட்டம் என்றால் சட்டம்.

திருப்பதியின் மகள் சிவரஞ்சனிக்கு இந்தச் சட்டம் நேற்றுவரை வேடிக்கையாகத்தான் இருந்தது. அவளுடைய வழி வேறு. பி.காம். முடித்துவிட்டு போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரின் கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறவள். ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் கைபேசியில் வீடியோ பார்த்து, இங்கிலீஷ் பேசுவது, எடை குறைப்பது, பேங்க் பரீட்சை எழுதுவது, தினமும் நடப்பது என்று இலட்சியங்களை அடுக்குவாள். ஆரம்ப சூரத்தனத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒன்றாவது பொங்கலைத் தாண்டியதில்லை. போகியில் பழைய பாயோடு அதுவும் போய்விடும்.

இந்தத் தடவை பார்த்த வீடியோவில், சொந்த வாழ்க்கைக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று என்று இரண்டு இலட்சியங்களைப் பிரித்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். யாரிடமும் சொல்லாதே, சொன்னால் பலிக்காது என்றும் சொன்னார்கள். சிவரஞ்சனி யோசித்துப் பார்த்தாள். சொந்த வாழ்க்கைக்கும் தொழிலுக்கும் அவளுக்கு வந்தது ஒரே பதில்தான். அப்பாவின் ஜீப்பை அவள் ஓட்ட வேண்டும். ஒருநாள் இரண்டுநாள் ஆசைக்கு இல்லை, வருஷம் பூராவும், விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் இறக்கிக்கொண்டு வர வேண்டும். கடையில் நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு, முதலாளி நல்ல மனுஷன். ஆனால் அவள் உட்காருகிற இடத்திலிருந்து ஜன்னல் வழியாக மலை தெரியும். மலையைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாளைக்குத்தான் பில் போடுவது?

லைசென்ஸ் எடுத்தாயிற்று. கார்த்திகை மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடிமெட்டுவரை ஓட்டியும் பழகியாயிற்று. ஆனால் காலம் கையில் இல்லை. கிளட்சை மிதித்து மிதித்துத் திருப்பதியின் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. இனிமேல் மலை வண்டி கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தேவாரம் ஊர்க்காரர் காசிமாயன் அந்த ஜீப்பின்மேல் கண் வைத்திருந்தார். வாங்கியதும் சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு லோடு வண்டியாக்கப்போகிறாராம். பெண்கள் வேறு வேறு ஜீப்பில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். "வருசம் பொறக்கட்டும், சொல்றேன்" என்று திருப்பதி அவரை அனுப்பியிருந்தார். மகளிடம், "ஒன்னாம் தேதி உனக்குக் கடை லீவுதான? அன்னைக்கி ஒருநாள் நீ எடு, உன் ஆசையும் தீந்துரும்" என்றார்.

தீர்ந்துவிடுமாம். சிவரஞ்சனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

ஒன்றாம் தேதி விடிவதற்குள் அம்மா ஜக்கம்மாள் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டாள். பெண்கள் தூக்குவாளியும் தலைத்துண்டுமாக வந்தார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவரஞ்சனியையும், பக்கத்து சீட்டில் மஃப்ளர் சுற்றிய திருப்பதியையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள்.

"நெசமாத்தானாண்ணே?" என்றாள் கருத்தம்மாள்.

"நெசந்தான். ஏறுங்க, நேரமாகுது."

"அப்ப நான் கடைசி சீட்டுல கட்டைக்குப் பக்கத்துல உக்காந்துக்கிறேன்" என்றாள் அருணா. வண்டி ஏற்றத்தில் நின்றுபோனால் டயருக்கு அடியில் போடுகிற கட்டை எப்போதும் பின்னால்தான் கிடக்கும். "வெரசா குதிக்க வசதியா இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிவரஞ்சனியும் சிரித்தாள். முதல் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தியபோது எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம் அவளுக்கு மட்டும் தனியாகக் கேட்டது.

போடியைத் தாண்டி, முந்தல் செக்போஸ்டைத் தாண்டியதும் மலை எதிரே வந்து நின்றது. முதல் வளைவில் சிவரஞ்சனி ஸ்டியரிங்கை ஒடிக்க, பின்னாலிருந்து கருத்தம்மாளின் குரல் வந்தது.

"இந்த வருசம் நான் சைக்கிள் ஓட்டக் கத்துக்கப்போறேன்!"

ஜீப்பு அதிர்ந்தது. ஐம்பதைத் தாண்டிய பொம்பளை, எடையும் கொஞ்சநஞ்சமில்லை. "எந்த சைக்கிளு தாங்கும்?" என்று ஒருத்தி கேட்க, "என்னத் தாங்குற சைக்கிளத் தேடுறதுதான் மொத வேல" என்றாள் கருத்தம்மாள். அடுத்த வளைவில் தமிழினி, நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட்டே தீருவேன், யார் குறுக்கே நின்றாலும் சரி என்றாள். குறுக்கே நிற்பது அவள் மாமனார் என்று ஜீப்புக்கே தெரியும். "நிக்கட்டும், நாங்க பாத்துக்கிறோம்" என்றார்கள். மூன்றாவதில் ஒருத்தி கறவை மாடு வாங்குவேன் என்றாள். நான்காவதில் அருணாவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, வளைவு முடிவதற்குள் சொல்லு என்று நெருக்கினார்கள். "சரி போங்கடி, புகையிலைய விட்டுர்றேன்" என்று கத்திவிட்டு, இடுப்பிலிருந்த பொட்டலத்தை எடுத்துப் பள்ளத்தில் வீசினாள். ஒரே குலவை.

சிவரஞ்சனிக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றிருந்தது. இத்தனை பேருடைய வருஷமும் தன் இரண்டு கைக்குள் திரும்பிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு சந்தோஷம். வீடியோக்காரனுக்கு என்ன தெரியும்? இலட்சியத்தை மூடி வைத்தால் அது பூசணம் பூத்துத்தான் போகும். இப்படிக் கத்திச் சொன்னால்தான் அதற்கு உயிர் வரும். பதினேழாவது வளைவு எப்போது வரும் என்று அவளுக்கு நாக்கு துடித்தது.

"ஆறாவது யாரு?" என்று யாரோ கேட்டார்கள்.

"அண்ணன்தான்" என்றாள் கருத்தம்மாள். "இன்னைக்கி அவரு டிரைவரில்ல, நம்மள மாதிரி சீட்டுல வர்ற ஆளு. எங்களுக்கு உள்ள சட்டம் அவருக்கும் உண்டு. சொல்லுங்கண்ணே."

ஆறாவது வளைவு வந்தது. திருப்பதி பேசவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்தே அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடாமல் இருப்பதற்கு அவருக்குத் தெரிந்த வழி அதுதான். சிவரஞ்சனி கியர் மாற்றுவதையும், கண்ணாடியில் பின்னால் பார்ப்பதையும் கவனித்துக்கொண்டே வந்தார். வளைவு முடிந்தது. பாறையை ஒட்டிச் சாலை நீண்டது. கீழே போடியின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. அப்போதுதான் தொண்டையைச் செருமினார்.

"பொங்கல் கழிஞ்சு வண்டியக் காசிமாயனுக்குக் குடுத்துரலாம்னு இருக்கேன்."

தார்ப்பாய்க்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிவரஞ்சனிக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை பேர் முன்னால், அவள் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாரே! ஜீப்பில் சொன்னதை மாற்ற முடியாது என்று தெரிந்துதானே சொன்னார்? அழுகை வந்தது. அழுதால் சாலை தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

அதற்குப் பிறகு வளைவுகளில் சொன்னவர்களும் சுரத்தில்லாமல்தான் சொன்னார்கள். பன்னிரண்டாவது வளைவு வந்தது. அந்தச் சாலையிலேயே செங்குத்தான வளைவு அது. கோபத்தில் இருந்த சிவரஞ்சனி ஞாயிற்றுக்கிழமைகளில் செய்கிற மாதிரியே இரண்டாவது கியரில் ஏற்றினாள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டியது காலி வண்டி. இன்றைக்கு அதே வண்டியில் சிலமலையின் பாதிப் பெண்கள், அவர்களுடைய தூக்குவாளிகள், போதாததற்குக் கருத்தம்மாள். பாதி வளைவில் இன்ஜின் ஒரு தடவை இருமியது. அப்படியே நின்றுவிட்டது.

பிரேக்கை முழுக்க அழுத்தியும் வண்டி ஒரு முழம் பின்னால் சறுக்கியது. உள்ளே ஒரே கூச்சல். அடுத்த நிமிஷம் தடாலென்று கட்டை விழுகிற சத்தம். அருணா குதித்துவிட்டாள். வண்டி கட்டையில் முட்டி நின்றது. பின்னால் மூணாறு போகிற பஸ் ஒன்று வந்து ஹாரனை அலறவிட்டது. டிரைவர் தலையை நீட்டி, "பொம்பளப் புள்ளகிட்ட வண்டியக் குடுத்துட்டு நடுரோட்டுல நிக்கிறீகளே" என்றார்.

கருத்தம்மாள் இறங்கி, இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏம்ப்பா, நீ பொறக்கும்போதே ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டா வெளிய வந்த?"

பஸ்சுக்குள்ளே இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஹாரன் நின்றுபோனது.

சிவரஞ்சனி பக்கத்து சீட்டைப் பார்த்தாள். முழங்கால் எப்படி இருந்தாலும் அப்பா இறங்கி வந்து, தள்ளு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். திருப்பதி அசையவில்லை. கை இன்னும் தொடைக்கு அடியிலேயே இருந்தது. நெற்றியில் மட்டும் அந்தக் குளிரிலும் வேர்த்திருந்தது. எதிரே சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, இவர் சொல்லப்போவதில்லை. சிவரஞ்சனிக்கு அந்தக் கணத்தில் கோபம் எங்கேயோ போய்விட்டது. பாரம் கூடியிருக்கிறது, அவ்வளவுதானே? முதல் கியரைப் போட்டாள். இன்ஜினைக் கிளப்பி உறுமவிட்டு, கிளட்சை அரிசியில் கல் பார்க்கிற பொறுமையோடு விட்டாள். வண்டி கட்டையை விட்டு மெல்ல விலகியது. ஒரு மூச்சாக ஏறி, வளைவைத் தாண்டிப் பத்திரமான இடத்தில் போய் நின்றது. உள்ளே இருந்த பெண்கள் கையைத் தட்டினார்கள். கீழே நின்ற கருத்தம்மாளும் அருணாவும் ஓடி வந்து ஏறினார்கள். "ஏத்தத்துல நின்ன வண்டிய எடுத்துட்டாளே" என்று அருணா கட்டையை உள்ளே போட்டுக்கொண்டே சொன்னாள். அதன்பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே கியர் இறங்கியது. வண்டி சொன்னபடி கேட்டது. பனி கலைந்து வெயில் கண்ணாடியில் பட்டது. ஏலச் செடியின் வாசம் உள்ளே வந்தது.

"டிரைவரே, உங்க வளைவு" என்றாள் கருத்தம்மாள்.

பதினேழாவது வளைவு. சிவரஞ்சனி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக்கொண்டே, மலை கேட்கச் சொன்னாள்.

"இந்த வருசம் பூரா இந்த வண்டிய நான்தான் ஓட்டுவேன். கடை வேலைய விட்டுருவேன். அடுத்த வருசம் ஒன்னாந்தேதி இதே வளைவுல உங்களையெல்லாம் நான்தான் கொண்டாருவேன்."

ஒருத்தி குலவையிட வாயைத் திறந்தாள். இன்னொருத்தி அவள் தொடையில் கிள்ளினாள்.

போடிமெட்டில் வழக்கமான டீக்கடை முன்னால் ஜீப்பு நின்றது. இறங்கியவர்கள் டீயைக்கூடக் கேட்காமல் வட்டமாகக் கூடிவிட்டார்கள். மலையாளத்துக் கடைக்காரர், "எந்தா சேச்சி, புதுவர்ஷமாயிட்டு வழக்காணோ?" என்று எட்டிப் பார்த்தார். வழக்குத்தான், சாதாரண வழக்கா? அப்பன் வளைவில் விற்கிறேன் என்கிறான், மகள் வளைவில் ஓட்டுகிறேன் என்கிறாள். வண்டியோ ஒன்று.

கருத்தம்மாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். "ஆத்தா, எனக்கும் உன் பக்கந்தான் மனசு. காசிமாயன்கிட்ட வண்டி போனா எங்க பாடுதான் திண்டாட்டம். ஆனா மொதல்ல சொன்னது உங்கப்பா. மொதல்ல சொன்னதுதான் நிக்கும். அத மாத்துனா அப்புறம் இந்த ஜீப்புல சொல்ற எதுக்கும் மதிப்பில்லாமப் போயிரும்."

சிவரஞ்சனி இரண்டு கையையும் பிசைந்துகொண்டு நின்றாள். உள்ளங்கையில் ஸ்டியரிங்கின் அழுத்தம் இன்னும் இருந்தது. ஆறாவது வளைவு. ஸ்டியரிங் கைக்குள் வழுக்கித் திரும்பி வந்தது, நேரானது, சாலை நீண்டது, போடியின் விளக்குகள் அணைந்தன. அதற்குப் பிறகுதானே அப்பா செருமினார்?

"அத்தே, அப்பா வளைவுல சொல்லல" என்றாள். "வளைவு முடிஞ்சப்புறந்தான் சொன்னாரு. ஸ்டியரிங் நேரா இருந்துச்சு. என் கையிலதான் இருந்துச்சு, எனக்குத் தெரியும்."

"உள்ள இருந்த எங்களுக்கு என்ன தெரியும்? நீ உனக்குத் தோதாச் சொல்றியோ என்னமோ" என்றாள் அருணா. நேர் ரோட்டு விஷயத்தில் கைதேர்ந்தவள் அவள்தான். "அவரையே கேப்போம்."

எல்லோரும் திருப்பதியைப் பார்த்தார்கள். அவர் பெஞ்சில் காலை நீட்டி, முழங்காலை நீவிக்கொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவசரப்படாமல் கடைசி வாய் டீயையும் குடித்துவிட்டு கிளாஸை வைத்தார்.

"ஆமா. நேர்லதான் சொன்னேன்."

"கவனிக்காமச் சொல்லிட்டீங்களாண்ணே?"

"முப்பது வருசமா இந்த ரோட்டுல ஓட்டுறேன் கருத்தம்மா. கண்ணக் கட்டி உக்கார வச்சாலும் எது வளைவு எது நேருன்னு எனக்குத் தெரியாதா?"

சிவரஞ்சனிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றாள். "அப்ப எதுக்குப்பா சொன்னீங்க? நான் அங்கேருந்து அழுதுக்கிட்டே ஓட்டுனேன்."

"தெரியும். மனசு நோகாம இருக்கும்போது யாரும் நல்லாத்தான் ஓட்டுவாக. மனசு நொந்து, வண்டியும் நின்னு, பின்னால ஒருத்தன் ஹாரன் அடிக்கையில நீ என்ன பண்றேன்னு பாக்கணும்ல? இத்தன பேரு உசுரு." அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். "பன்னெண்டாவது வளைவப் பாக்காம நான் எப்படி வாக்குக் குடுக்குறது?"

"நல்ல அப்பன்யா" என்று கருத்தம்மாள் கோபமும் சிரிப்புமாகத் தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க சட்டத்த வச்சே எங்களுக்கு ஆட்டங்காட்டிட்டீங்களே. அப்ப உங்க வளைவு இன்னும் பாக்கி இருக்குண்ணே. தப்பிக்க முடியாது."

"தப்பிக்கல. ஏறுங்க, சோலி கெடக்கு."

ஆனால் முன் சீட்டில் அவர் ஏறவில்லை. நொண்டிக்கொண்டே பின்பக்கம் போனார். "தள்ளி உக்காரு ஆத்தா. அந்தக் கட்டைய என்கிட்டக் குடு" என்றார் அருணாவிடம்.

"உங்க முட்டிய வச்சுக்கிட்டு நீங்க குதிச்சுக் கட்ட போடுறதுக்குள்ள வண்டி போடியில இருக்கும்."

"அதுக்கு வேல வராது" என்றார் திருப்பதி. கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, கம்பியில் சாய்ந்து சௌகரியமாக உட்கார்ந்துவிட்டார். கை இரண்டும் வெளியே வந்திருந்தது.

முன் சீட்டில் கருத்தம்மாள் ஏறினாள். ஜீப்பு அந்தப் பக்கம் ஒரு முங்கு முங்கியது. சிவரஞ்சனி முதல் கியரைப் போட்டாள். கேரளத்துப் பக்கம் சாலை ஏலத்தோட்டத்துக்குள் இறங்கியது. கொஞ்ச தூரம் நேராகப் போனது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அப்புறம் முதல் வளைவு வந்தது.

"வண்டிய விக்கல" என்று பின்னால் திருப்பதியின் குரல் கேட்டது. "எம்மக ஓட்டுவா."

குலவைச் சத்தத்தில் ஏலத்தோட்டத்துப் பறவைகளெல்லாம் கிளம்பிவிட்டன. சிவரஞ்சனி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து தன் கையைப் பார்த்தாள். ஸ்டியரிங் முழுக்கத் திரும்பியிருந்தது.